ஷார்ஜாவில் மாட்டிக்கொண்ட மச்சினன்: கான்சுலேட்டுக்கு நேராகப் போனால் உதவுவார்களா?

கொலுசுப்பட்டறை

வணக்கம்ங்க. சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு விவகாரம் எதுவும் எனக்குத் தெரியாது, அதனால் சுற்றி வளைத்துக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சினன் எட்டாவது வரை படித்தவன். ஒரு ஏஜென்ட் மூலமாகப் போன வருடம் ஷார்ஜா போனான். போகும்போது விசிட் விசா, அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றித் தருகிறோம் என்றார்கள், மாற்றியும் கொடுத்தார்கள். மாற்றிய கையோடு கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான். இப்போது நாலு மாதச் சம்பளம் பாக்கி. இதற்கு நடுவில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஜிஹெச்சில் படுத்திருக்கிறார், ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார்கள். இவன் ஒரே பையன். ஊருக்கு வருகிறேன் என்றால், ஐயாயிரம் திர்ஹாம் கட்டிவிட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள் என்கிறானாம்.

புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருத்தர், 'கான்சுலேட்டில் நமக்கு ஆள் இருக்கிறது, நாற்பதாயிரம் கொடுங்கள், ஒரு வாரத்தில் ஆளை இறக்கிவிடலாம்' என்கிறார். கொடுக்கலாமா? இல்லை இவனே நேரில் போனால் உள்ளே விடுவார்களா? விசா முடிந்திருக்குமோ, போனால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறான்.

நாகலூர் மிளகு

நாற்பதாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் அது. நான் துபாயில் 11 வருடம் இருந்துவிட்டு வந்தவன், இப்போது ஏற்காட்டில் காபிச் செடியும் மிளகுக் கொடியுமாக இருக்கிறேன். கான்சுலேட் வாசலுக்கு எனக்காகவும் போயிருக்கிறேன், கூட வேலை செய்தவர்களுக்காகவும் போயிருக்கிறேன். உள்ளே போக எவன் சிபாரிசும் வேண்டாம். சேறு படிந்த பூட்சோடு சைட்டிலிருந்து நேராக வந்தவர்களெல்லாம் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

ஷார்ஜா என்பதால் அபுதாபி தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. துபாயும் ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா, ஃபுஜைரா மாதிரி வடக்குப் பக்க ஊர்களும் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின், அதாவது நாம் சொல்கிற கான்சுலேட்டின் கீழேதான் வருகின்றன. அதன் பொறுப்பில் தொழிலாளர்களுக்கென்றே ஓர் உதவி மையம் நடக்கிறது, பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்று பெயர். இலவச எண் 800 46342, போனில் இந்தியா என்று ஆங்கிலத்தில் தட்டினால் வருகிற எண்கள்தான் அந்தக் கடைசி ஐந்தும், அப்படித்தான் நாங்கள் ஞாபகம் வைத்திருந்தோம். நான் கூப்பிட்டபோது தமிழ் பேசுகிற ஆளே எடுத்தார். சட்ட ஆலோசனைக்கும் காசு கிடையாது. தூரத்து ஊர்களில் இருப்பவர்களுக்காக விடுமுறை நாளில் இந்தியர் சங்கக் கட்டடங்களில் முகாம் போடுவார்கள். லேபர் கேம்புக்கே வந்து பேசிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். சங்கத்து முகாமில் பிரியாணி நன்றாக இருக்கும் என்றுதான் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் போனார்கள், அது வேறு கதை.

பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கம்பெனி பிடித்து வைப்பது அந்த ஊர்ச் சட்டப்படியே தப்பு. அதோடு நம் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து, உங்கள் மச்சினனுக்கே சொந்தமில்லை, கம்பெனிக்காரனுக்கு எங்கிருந்து சொந்தமாகும்? கான்சுலேட்டில் புகார் கொடுத்தால் அவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்பார்கள், பல முதலாளிகள் அந்த ஒரு போனுக்கே கொடுத்துவிடுவார்கள். ஒன்று மட்டும் செய்யக்கூடாது. 'தொலைந்துபோச்சு என்று போலீசில் எழுதிக் கொடு, புதுசு வாங்கிக்கலாம்' என்று ரூமில் எவனாவது ஐடியா கொடுப்பான். தொலையாத பாஸ்போர்ட்டைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்ப் புகார். கம்பெனிக்காரன் அதை எடுத்து நீட்டினால் இவன்தான் மாட்டுவான்.

போலீசில் பிடித்துக் கொடுப்பார்களா என்று கேட்டீர்கள். நான் இருந்த காலத்தில் அப்படி ஒருத்தரைக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாபேட்டை_67

எல்லாரும் இப்படிச் சொல்வதைக் கேட்டுத்தான் நானும் போனேன். வேறு ஒரு வளைகுடா நாடு, பெயர் வேண்டாம். அண்ணனுக்காக இரண்டு வாரம் போன் அடித்தேன், ஒரு சமயம் எடுப்பார்கள், 'சொல்கிறோம்' என்பார்கள், அப்புறம் மணி மட்டும் அடிக்கும். கடைசியில் நகர்ந்தது மதத் என்கிற இணையதளத்தில் புகார் போட்ட பிறகுதான். 2015இல் வெளியுறவுத் துறை ஆரம்பித்தது. இங்கே சேலத்தில் உட்கார்ந்துகொண்டே சொந்தக்காரர் போடலாம். சம்பளப் பாக்கி, ஊருக்கு அனுப்புவது, ஜெயில், சடலம் கொண்டுவருவது என்று தனித்தனித் தலைப்பு இருக்கும். போட்டதும் ஒரு எண் வரும், அந்த எண் வந்த பிறகு யாரும் 'சொல்கிறோம்' என்று வைத்துவிட முடியாது, பதிவில் பதில் எழுதியாக வேண்டும். போனையும் போடுங்கள், போனை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, கான்சுலேட்டால் முடியாதது நிறைய இருக்கிறது. அந்த நாட்டு அபராதத்தை ரத்து செய்ய முடியாது. வேலைக்கு வராமல் ஓடிவிட்டான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தால் அதை அழிக்க முடியாது. சம்பளத்தை வசூலித்துக் கையில் கொடுக்கவும் முடியாது, அது அங்கே உள்ள தொழிலாளர் அமைச்சகத்தில் தனிப் புகாராகப் போகவேண்டும். இதெல்லாம் தெரியாமல் நான் அவர்கள் மேல் கோபப்பட்டே பாதி நாளைத் தொலைத்தேன்.

ஐந்துரோடு பிரவுசிங்

பாஸ்போர்ட்டு விண்ணப்பம் போட்டுத் தருவதுதான் என் தொழில், அதனால் ஒரு கேள்வி. எட்டாவதுதான் என்கிறீர்கள், அப்படியென்றால் அவர் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை, அதாவது ஈசிஆர் என்று இருந்திருக்க வேண்டும். பத்தாவது பாஸ் இல்லாதவர் எமிரேட்ஸ், சவூதி, மலேசியா மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போனால் வெளியுறவுத் துறையின் இமைக்ரேட் இணையதளம் வழியாக அனுமதி வாங்கித்தான் போகமுடியும். அந்த வழியில் போயிருந்தால் ஒப்பந்தம், சம்பளம், கம்பெனி பெயர் எல்லாம் அரசாங்கத்திடம் பதிவாகியிருக்கும், இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டுகிற பத்து லட்ச ரூபாய்க் காப்பீடும் இருந்திருக்கும். அதைத் தாண்டத்தான் விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அதே தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரே 30,000 ரூபாய்க்கும் வரிக்கும் மேல் வாங்கக்கூடாது. உங்களிடம் எவ்வளவு வாங்கினார்?

கொலுசுப்பட்டறை

ஒண்ணே கால் லட்சம்ங்க. ரசீது கிடையாது.

நேற்று அவனே அந்த 800 எண்ணுக்குப் போன் பண்ணினான். தமிழ் தெரிந்தவரே பேசினாராம். கம்பெனி பெயர், பாஸ்போர்ட் எண், விசா முடிகிற தேதி கேட்டார்களாம். இவனுக்குப் பாஸ்போர்ட் எண் ஞாபகமில்லை. நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவி ஜெராக்ஸ் எடுத்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள், முதல் பக்கம் மட்டும். விசா இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதாம், இவனாகத்தான் பயந்திருக்கிறான்.

நாகலூர் மிளகு

விசா இருக்கிறது என்றால் பாதிக் கவலை விட்டது. முடிந்திருந்தால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் ஏறிக்கொண்டே போகும். 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை பொதுமன்னிப்பு கொடுத்தார்கள், அப்போது அப்படி ஏறிப்போன ஆட்கள் நிறையப் பேர் கட்டாமலே வந்தார்கள், எப்போதும் அது கிடைக்காது. ஆனால் வேலைக்குப் போவதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள், அம்மாபேட்டைக்காரர் சொன்ன மாதிரி ஓடிவிட்டான் என்று எழுதிக் கொடுக்கக் கம்பெனிக்கு அதுவே சாக்கு.

கடைசிப் பக்கத்து ஜெராக்சும் இருந்திருந்தால் நல்லது, முகவரியும் ஃபைல் எண்ணும் அதில்தான் இருக்கும். முதல் பக்கம் இருக்கிறதல்லவா, போதும். கம்பெனி கொடுக்கவே மாட்டேன் என்றால், ஒரு தடவை ஊர் திரும்ப மட்டும் செல்லுகிற அவசரச் சான்றிதழ் கான்சுலேட்டில் கொடுப்பார்கள், வெள்ளை பாஸ்போர்ட் என்போம். அதை வைத்துக்கொண்டு மட்டும் விமானம் ஏற முடியாது, குடியேற்றத் துறை வெளியேற விடவேண்டும், அதையும் அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். டிக்கெட்டுக்கு வழியே இல்லை என்றால் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று உண்டு. பாஸ்போர்ட் வேலைக்குப் போகிற ஒவ்வொருத்தரிடமும் கட்டணத்தோடு சின்னத் தொகை பிடிப்பார்களே, அந்தக் காசுதான். நாமும் கட்டியதுதான், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் வசதியில்லாதவருக்குத்தான் கொடுப்பார்கள், விசாரிப்பார்கள்.

கொலுசுப்பட்டறை

சரிங்க. அந்த மதத் இணையதளத்திலும் இன்று காலை புகார் போட்டுவிட்டேன், ஐந்து ரோட்டுக்காரர் கடையிலேயே உட்கார்ந்து போட்டோம், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை இவனை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு கொண்டுவா என்றார்களாம். கையில் இருப்பது டாக்டர் கிறுக்கிய சின்னச் சீட்டுதான், அதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதுமா?

அம்மாபேட்டை_67

போதாது. வார்டில் கேட்டு, எலும்பு முறிவு, ஆபரேஷன் தேவை, எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி, டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி சீலும் போட்டு வாங்குங்கள். காலையில் ரவுண்ட்ஸ் முடிகிற நேரத்தில் போனால் டாக்டரைப் பிடித்துவிடலாம். அம்மாவின் ஆதாரில் உள்ள பெயரும் பையன் பாஸ்போர்ட்டில் தாய் பெயராக இருப்பதும் ஒரே மாதிரி எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அதில்தான் நாலு நாள் போனது.