சிறகின் மேலே ஒரு வீக்கம்

பட்டறைக்காரன்:
சுங்கை சிப்புட்டில் லோரி வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். தோட்டத்து லோரி, செம்பனைக் குலை இழுக்கும் டிராக்டர், எது வந்தாலும் பார்ப்பேன். விமானத்துக்கும் எனக்கும் இருந்த உறவு தாத்தா சொன்ன ஒரு கதையோடு சரி.

1948 ஜூன் 16-ஆம் தேதி நம்ம ஊர்ப்பக்கம் மூன்று தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தது எல்லோருக்கும் தெரியும். தாத்தா அப்போது லயத்துப் பையன். கோலாலம்பூர் ஏர்ஃபீல்டில் மண் வெட்டும் வேலைக்குப் போனவர், அங்கே பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரைப் பக்கத்தில் பார்த்திருக்கிறார். "மேலே பறந்தா பருந்து, கீழே நடந்தா வாத்து" என்பார். சக்கரம் மாட்டிய இரண்டு கால்களும் வயிற்றோடு ஒட்டி நிற்குமாம், நடக்கும்போது அப்படி ஆடுமாம். கிழவர் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் இங்கிலாந்தில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். டக்ஸ்ஃபோர்ட் விமான அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். 1938-இல் ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் படையில் சேர்ந்த இடமே அதுதானாம். தாத்தா சொன்னது பொய்யில்லை. கால்களின் கீல் உடம்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மடங்கும்போது சக்கரம் வெளிப்பக்கமாகப் போய்ச் சிறகுக்குள் படுக்கிறது. ஆக, தரையில் நிற்கும்போது அகலம் ரொம்பக் குறைச்சல். பக்கத்தில் நின்ற ஹரிகேன் என்ற இன்னொரு போர் விமானத்துக்குக் கீல் தள்ளி இருந்தது, சக்கரம் உள்பக்கமாக மடங்கும். அது நல்லாக் காலை அகட்டி நின்றது.

என் கண் போனது வேறு இடத்துக்கு. அங்கே நின்ற பிந்திய மாடல் ஸ்பிட்ஃபயர் ஒன்றில், சக்கரம் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே, சிறகின் மேல்தகட்டில் சின்னதாக ஒரு வீக்கம். அடிபட்டு நிமிர்த்திய தகடோ என்று தடவிப் பார்க்கப் போனேன், மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்த ஒரு பெரியவர் விளக்கினார். ஆரம்பத்தில் இது புல்தரையில் இறங்கிய விமானம். சக்கரம் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் புல்லில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் எல்லா இடத்திலும் கான்கிரீட் ஓடுபாதை வந்தது. சாய்ந்த சக்கரம் அதில் தேய்த்துக்கொண்டே ஓடி டயரைத் தின்றது. அதனால் அச்சின் கோணத்தை மாற்றிச் சக்கரத்தை நேராக்கினார்கள். நேரான சக்கரம் மடங்கும்போது பழைய குழிக்குள் தட்டையாகப் படுக்கவில்லை, ஒரு ஓரம் மேலே தூக்கியது. அந்த ஓரத்துக்கு இடம் விடத்தான் வீக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேஸ் என் பட்டறைக்கு வந்திருக்கிறதே! தோட்டத்து லோரி ஒன்று செம்மண் ரோட்டில் வருஷக்கணக்கில் ஓடியது, டயரைப் பற்றி ஒரு புகார் இல்லை. ஈப்போவுக்குத் தார் ரோட்டில் லோடு அடிக்க ஆரம்பித்ததும் இரண்டே மாதத்தில் முன்டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் வழுக்கை. மட்டமான டயரைத் தலையில் கட்டிவிட்டதாக முதலாளி என்னிடம் கத்தினார். டயரில் ஒன்றுமில்லை. அலைன்மென்ட் முன்னாடியே கெட்டுத்தான் இருந்தது, செம்மண் காட்டிக் கொடுக்கவில்லை.

நம்ம ஊர்க்காரர்கள் வேறு யாராவது இந்த மாதிரி பழைய விமானத்தைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா?

ஓய்வு வாத்தியார்:
என் பெரியப்பா சிங்கப்பூர் செலத்தார் விமானத் தளத்தில் எடுபிடி வேலை பார்த்தவர். ஸ்பிட்ஃபயர் தரையில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் என்பார். நீள மூக்கு விமானிக்கு முன்னால் இருப்பதை மறைத்துவிடும். ஆட்டி ஆட்டிப் பார்த்துத்தான் போகணும். இன்னொரு தொல்லையும் உங்கள் கால் விஷயம்தான், தம்பி. கால் இறங்கி நின்றால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கும். இங்கிலாந்துக் குளிரிலேயே இன்ஜினை ஓடவிட்டு ரொம்ப நேரம் நிறுத்தி வைக்க முடியாது, சூடேறிவிடும், நம்ம வெயிலில் கேட்கவே வேண்டாம்.

மலாயாவில் அதன் கடைசித் தாக்குதல் 1951 ஜனவரி 1. படம் எடுக்கும் ஸ்பிட்ஃபயர் மட்டும் செலத்தாரில் இன்னும் கொஞ்ச காலம் பறந்தது. 1954 ஏப்ரல் 1-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். முட்டாள்கள் தினம் என்பதால் பெரியப்பா முதலில் நம்பவே இல்லையாம்.

பொம்மை விமானம்:
நான் நிஜத்தைப் பார்த்ததில்லை அண்ணே, பிளாஸ்டிக் மாடல் ஒட்டுகிறவன். அந்த வீக்கத்தை ஏதோ வார்ப்புக் கோளாறு என்று நினைத்து ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே விட்டேன்! பிந்திய ஸ்பிட்ஃபயர் மாடலான மார்க் 21-ஐப் பாருங்கள். பெரிய புரொபெல்லர் தரையில் இடிக்காமல் இருக்கக் காலை 4.5 அங்குலம் நீட்டினார்கள், இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 7.75 அங்குலம் கூடியது. நீண்ட கால் சிறகுக்குள் அடங்கணுமே. அதற்காக மடங்கும்போதே கால் தானாகக் குறுகும்படி நெம்புகோல் வைத்தார்கள். மூடியும் சக்கரத்தை முழுசாக மூடும்.

பட்டறைக்காரன்:
மடங்கும்போதே குறுகும் காலா! வாத்தியாரே, இதைக் கேட்கத் தாத்தா இல்லையே. தம்பி, உப்புத்தாள் போட்ட மாடலைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஒருநாள் பட்டறைக்குக் கொண்டு வா, அந்த வழுக்கை டயர் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுக்கலாம்.