ரோமில் மூன்று நாள், மாணவர் பட்ஜெட்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாலு மாணவர்கள், வெள்ளி முதல் ஞாயிறு வரை ரோம். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியமும் பாந்தியன் என்ற பழைய கோயிலும் இலவசம். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கோ கடைசி ஞாயிறு! இரண்டும் ஒரே பயணத்தில் அமையாது என்பதால் முதல் ஞாயிறைப் பிடித்திருக்கிறோம். கொலோசியத்தில் அன்றைக்கு இலவச டிக்கெட் நேரில் மட்டும்தான். காலை எத்தனை மணிக்கு வரிசையில் நின்றால் கிடைக்கும்?

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து 14 யூரோ எக்ஸ்பிரஸ் வேண்டாம், 8 யூரோ எஃப்எல்1 ரயில் போதும். அது முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்குப் போகாது. ஆஸ்டியென்சேயில் இறங்கி மெட்ரோ பி பிடிக்கணும். இரவு பத்துக்கு மேல் பெட்டியோடு அந்த மாற்றம் சரிப்படுமா?

சாப்பாடுதான் தலைவலி. இருவர் சுத்த சைவம். கார்போனாரா பாஸ்தாவில் பன்றிக் கன்ன இறைச்சி, வழக்கமான சுப்ளி என்ற பொரித்த சோற்று உருண்டைக்குள்ளும் கறி. கத்தரிக்கோலால் வெட்டி எடைபோட்டுத் தரும் துண்டு பீட்சாதான் கதி. விலைப்பலகை கிலோவுக்கு என்பதால், கையால் அளவு காட்டாவிட்டால் பெரிய துண்டாக வெட்டிவிடுவார்கள். திராஸ்தேவெரே, டெஸ்டாச்சியோ பக்கம் எட்டு யூரோவுக்குள் சைவம் கிடைக்கும் கடை இருந்தால் சொல்லுங்கள். தண்ணீருக்குக் கவலையில்லை, தெருக்குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேல்துளையில் பீறிடும், அப்படியே குடிக்கலாம்.