சாவோ (கென்யாவில் கிழக்கு, மேற்கு என இரண்டு தேசியப் பூங்காக்கள்) போனவர்களே, மனசை விட்டு அகலாத ஒரு காட்சி சொல்லுங்கள் (அனுபவப் பகிர்வு)

செம்மண்தூசி:
அருபா அணை, மாலை ஐந்தே கால். சாவோ கிழக்கு போனவர்களுக்கு இடம் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பதினேழு யானைகள் தண்ணீரில் இறங்கின. எல்லாம் செங்கல் நிறம். அதில் ஒரு வயது நிரம்பாத கன்று ஒன்று. இன்னும் தாயின் வயிற்றுக்கடியில் நிமிர்ந்து நுழைகிற உயரம்தான். கழுத்தளவு நீரில் நின்றுவிட்டு வெளியே வந்தபோது கீழ்ப்பாதி கருஞ்சாம்பல், மேல்பாதி சிவப்பு, நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை. தாய் முன்காலால் மண்ணைக் கிளறித் துதிக்கையில் அள்ளி முதுகில் வீச வீச, ஈரத்தில் தூசி ஒட்டிக் கன்று மறுபடி முழுச் சிவப்பாகிவிட்டது.

'சாவோ சிவப்பு யானை' தனி இனம் என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். அது வேறெங்கும் இருக்கும் அதே ஆப்பிரிக்கப் புல்வெளி யானைதான். மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம், அவ்வளவே. நல்ல மழைக்கு மறுநாள் அதே கூட்டம் சாம்பல் நிறமாக நிற்கும். சிவப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை போங்கள். தண்ணீர் குறைந்து, எல்லாக் கூட்டமும் அணைக்கும் ஆற்றுக்கும்தான் வந்தாக வேண்டும். கடும் வறட்சி ஆண்டுகளில் அருபாவே வற்றிவிடும். அதனால் பூங்காவின் வோய் வாசலில் நுழையும்போதே எங்கே தண்ணீர் இருக்கிறது என்று காவலரிடம் கேட்டுவிடுங்கள்.

தாரு நிலம்:
வோய் ஆற்றோரத் தடத்தில் தனியாக ஒரு களிறு. கன்னப்பொறியிலிருந்து மதநீர் வாய்வரை வழிந்திருந்தது. பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீரில் நனைந்து கறுத்திருந்தது. முன்னால் நின்ற வேன்காரர் முப்பது மீட்டர் தூரத்தில் எஞ்சினை உறுமவிட்டுப் பின்வாங்கப் பார்த்தார். யானை பிளிறவில்லை. தலையைத் தாழ்த்தி, காதைக் கழுத்தோடு ஒட்டி, துதிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு வந்தது. அந்த மௌனம்தான் இன்னும் விடவில்லை. பம்பருக்கு நாலு மீட்டரில் நின்று, ஒரு புதரை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு ஒதுங்கியது.

காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். காதை விரித்து, தலையை உயர்த்தி, பிளிறி, மண்ணை உதைத்தால் பெரும்பாலும் அது மிரட்டல். அப்போது அசையாமல் இருந்தால் திரும்பிவிடும். காது ஒட்டி, தலை தாழ்ந்து, சத்தமில்லாமல் வந்தால் உண்மையாகவே வருகிறது. அதுவரை காத்திருப்பதே தப்பு. மதநீர் தெரிந்த களிறுக்கு நூறு மீட்டராவது விடுங்கள். அமைதியாக மேயும் கூட்டமென்றால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். மதக்களிறு என்றால் அணைக்காதீர்கள், மெல்லிய ஓட்டத்திலேயே வைத்து அது நூறு மீட்டருக்குள் வரும் முன்பே நகருங்கள். அணைத்த எஞ்சினை அருகில் வந்த யானை முன்னால் திடீரென்று கிளப்புவதுதான் அதிகம் வினை வைப்பது. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே வண்டி எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது. ஆற்றோரத் தடங்களில் இருபுறமும் புதர் என்பதால், நிறுத்தும்போதே வண்டியின் மூக்கு வெளிவழியைப் பார்த்திருக்கட்டும். வேக வரம்பு மணிக்கு 40 கி.மீ., ஆனால் புதர்வளைவில் 20 போதும். தடத்தை விட்டு இறங்குவது சட்டப்படி குற்றம். தவிரவும் அந்தச் செம்மண் ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் மாவு மாதிரிச் சக்கரத்தை விழுங்கும்.

மைல் 132:
யானை பற்றி நல்ல பதிவுகள். ஆனால் சாவோ என்றால் சிங்கத்தை விட முடியாது. துறைமுக நகரான மொம்பாசாவிலிருந்து 132-ஆவது மைலில் சாவோ ஆற்று ரயில்பாலம். அதைக் கட்ட 1898 மார்ச்சில் பிரிட்டிஷ் பொறியாளர் ஜான் ஹென்றி பாட்டர்சன் வந்து சேர்ந்தார். பிடரி மயிரே இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் கூடாரங்களிலிருந்து தொழிலாளர்களை இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. முள்வேலி, தீமூட்டம், பொறி எதுவும் நிற்கவில்லை. முதல் சிங்கம் டிசம்பர் 9, இரண்டாவது டிசம்பர் 29 அன்று சுடப்பட்டன.

அந்த இடத்தில் வழிகாட்டிகள் இன்றும் '135 பேர்' என்றே சொல்கிறார்கள். பாட்டர்சன் முதலில் சொன்னது 28 இந்தியத் தொழிலாளர்கள், கூடவே கணக்கில் வராத ஆப்பிரிக்கர்கள். 135 என்பது பல ஆண்டுகள் கழித்து அவரே ஏற்றிச் சொன்னது. 1924-இல் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகம் தோல்களையும் மண்டையோடுகளையும் 5,000 டாலருக்கு வாங்கியது. அதுவரை தோல்கள் அவர் வீட்டில் தரைவிரிப்பாகக் கிடந்தன. ஓரங்கள் தேய்ந்தும் வெட்டுப்பட்டும் போனதால்தான் அங்கே நிற்கும் சிங்கங்கள் உயிரோடு இருந்ததைவிடச் சிறியவையாகத் தெரிகின்றன. 2009-இல் முடியிலும் எலும்பிலும் இருந்த கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள், எதைத் தின்றது என்பதைக் காட்டிக்கொடுப்பவை) அளந்தார்கள். எலும்பு பல வருட உணவைக் காட்டும், முடி கடைசி சில மாதங்களைக் காட்டும். கணக்கு வந்தது சுமார் 35 பேர். ஒரு சிங்கம் ஏறத்தாழ 24, மற்றது 11. அதனால் 135 என்று பகிர்வதை நிறுத்துங்கள்.

கலானா:
மைல் 132 அவர்களுக்கு, ஒரு திருத்தம். அந்த 35 என்பது தின்னப்பட்ட உடல்களின் கணக்கு. கொல்லப்பட்டவர்களின் கணக்கு அல்ல. கடித்துப் போட்டுவிட்டு விரட்டப்பட்டால் அது ஐசோடோப்பில் ஏறாது. ஆய்வாளர்களே 4 முதல் 72 வரை என்று பெரிய இடைவெளி கொடுத்திருக்கிறார்கள். 135 தவறு என்பதில் சண்டை இல்லை, 35-ஐக் கல்வெட்டாக்க வேண்டாம் என்கிறேன்.

ஏன் மனிதர்களை என்ற கேள்விக்கும் ஒரே விடை கிடையாது. ஒன்றுக்குக் கோரைப்பல் உடைந்து வேரில் சீழ்க்கட்டி. அந்த வலியோடு எருமையின் கழுத்தைக் கவ்வுவது கடினம் என்பது ஒரு விளக்கம். 1890களின் மாட்டுப்பிளேக்கில் எருமையும் கால்நடையும் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தன. அதற்கு முன்பே கடற்கரைக்குப் போகும் அடிமை வணிகக் கூட்டங்கள் அந்த வழியில் இறந்தவர்களையும் நடக்க முடியாதவர்களையும் விட்டுவிட்டுப் போயின. 2024-இல் அதே பற்களின் உடைசலில் சிக்கிய முடிகளின் டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, ஓரிக்ஸ், வாட்டர்பக், வில்டபீஸ்ட் என்ற மான் வகைகள், மனிதர். பல் கெட்டும் பெரிய இரையை விடவில்லை என்று தெரிகிறது.

என் ஆதங்கம் வேறு. அந்தப் பாலம் இருக்கும் உகாண்டா ரயில்பாதைக்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் போனார்கள். இறந்தவர்கள் சுமார் 2,500 பேர். மைலுக்கு நால்வர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புண், விபத்து. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உடல்நலம் கெட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிங்கத்தின் கதையைக் கேட்டுவிட்டு எல்லோரும் வண்டியேறிவிடுகிறார்கள், அந்த 2,500 பேரைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. இன்னொன்று: 'நம் தமிழர்கள் போட்ட ரயில்' என்று ஒரு பதிவு சுற்றுகிறது. ஆளெடுத்தது பெரும்பாலும் பஞ்சாபில், கப்பலேற்றியது கராச்சியில். அவர்களுடைய உழைப்பை அவர்கள் பெயரிலேயே விடுவோம்.

பாளையங்கோட்டை ரோடு:
கலானா சொன்னது சரி. ஆனால் நம் ஊர்ப்பெயர் கிழக்காப்பிரிக்க மண்ணில் உண்மையாகவே இருக்கிறது. இடம் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் டாங்கா. மொம்பாசாவில் லிகோனி படகேறி, லுங்கா லுங்கா–ஹோரோஹோரோ எல்லை கடந்தால் ஒரு பகலில் போய்விடலாம்.

முதல் உலகப் போர், 1914 நவம்பர் 2 முதல் 5 வரை. டாங்கா அப்போது ஜெர்மானியர் வசம். பம்பாயிலிருந்து வந்த சுமார் 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையில் 63-ஆவது பாளையங்கோட்டை காலாட்படையும் ஒன்று. எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோவ்-வோர்பெக்கின் ஆயிரம் பேர். ராஸ் கசோனே முனையில் இறங்கி, சதுப்பும் ரப்பர்த் தோட்டமும் புதரும் தாண்டி நகரத்தை நோக்கி நடந்தார்கள். சண்டை சூடானபோது மரங்களில் தொங்கிய தேன்கூட்டுக் கட்டைகளைக் குண்டுகள் துளைத்தன. தேனீ கிளம்பியது. இரு தரப்புமே கொட்டு வாங்கின. ஜெர்மானியர் கயிறு கட்டித் தேனீயை ஏவினார்கள் என்று பிறகு பரப்பியது பொய். பிரிட்டிஷ் தரப்பில் 360 பேர் சாவு, 487 பேர் காயம்.

'பாளையங்கோட்டைக்காரர்கள் ஓடிவிட்டார்கள்' என்று ராணுவ வரலாறுகளில் ஒற்றை வரியில் எழுதிவிடுகிறார்கள். வரிசை கலைந்தது உண்மை. ஏன் என்று எழுதுவதில்லை. இரண்டு வாரத்துக்கும் மேல் நெரிசல் கப்பலில் கடல் குமட்டல், புறப்படும் முன்புதான் கைக்கு வந்த புதிய துப்பாக்கி, மொம்பாசாவில் ஒருநாள்கூட இறக்கி ஓய்வு கொடுக்கவில்லை, இடத்தை வேவு பார்க்காமல் புதருக்குள் நேரே நடக்கச் சொன்ன தளபதி. அந்த நிலையில் எதிரே இயந்திரத் துப்பாக்கி.

அங்கே டாங்கா (ஜாசின்) நினைவுக் கல்லறை இருக்கிறது, காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. போகும் முன் ஆணையத்தின் இணையதளத்தில் படைப்பிரிவின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் 'பாலம்காட்டா' என்பதுபோல்தான் போட்டிருப்பார்கள். சிப்பாய்களின் பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்திருக்கும், ஒரே பெயரை மூன்று நான்கு விதமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

தேனடை:
தேனீ பேச்சு வந்ததால். வோய் பக்கம் சகல்லா போனால் வயல் ஓரங்களைப் பாருங்கள். பத்து மீட்டருக்கு ஒரு கூடு தொங்கும், ஒன்று விட்டு ஒன்று வெறும் பலகைப் பெட்டி, எல்லாவற்றையும் ஒரே கம்பி இணைக்கும். இரவில் சோளத்துக்கு வரும் யானை கம்பியை நெஞ்சால் தள்ளினால் வரிசை முழுக்க ஆடித் தேனீ கிளம்பும். கண்ணோரம், துதிக்கை உட்புறம், காதுக்குப் பின்னால் தோல் மெல்லியது, அங்கே கொட்டினால் யானை பொறுக்காது. அங்கே செய்த ஆய்வில் பத்துக்கு எட்டு முறை யானை திரும்பியிருக்கிறது. பார்த்ததில் மறக்காதது ஒன்று: காலையில் வேலிக்கு வெளியே ஈரமண்ணில் கூட்டத்தின் தடம், கம்பிக்கு இரண்டடி முன்னால் வந்து அப்படியே வளைந்து ஓரமாகவே போயிருந்தது.

தோற்பது எப்போது? வறட்சியில். பூ இல்லை என்றால் தேனீ கூட்டை விட்டுப் போய்விடும், காலிப்பெட்டி என்பது யானைக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். தண்ணீர்த் தட்டு வைப்பவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். போகிறவர்கள் வாசனைத் தைலம் பூசாதீர்கள், கூட்டின் வாசலுக்கு நேரே நிற்காதீர்கள். கொட்ட ஆரம்பித்தால் முகத்தைத் துணியால் மூடி நேராக ஓடி வண்டிக்குள் ஏறுங்கள். தண்ணீரில் குதிப்பது உதவாது, மேலே காத்திருக்கும். கொடுக்கை நகத்தால் சீவி உடனே எடுங்கள். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம்.

கிண்டிக்காரர்:
நம்ம ஆளுங்க மூணு விஷயத்துல மாட்டுறாங்க, அதச் சொல்லிடறேன். முதல்ல மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யாவுல இருந்து திரும்பும்போது சான்றிதழ் இல்லன்னா இந்திய விமான நிலையத்துல ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும், அதனால கடைசி வாரத்துல ஓடாதீங்க. சென்னையில கிண்டி கிங் நிலையத்துல போடறாங்க, அசல் பாஸ்போர்ட் வேணும், முன்கூட்டியே பதிவு பண்ணுங்க. ஒரே ஊசி ஆயுசுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, அறுபது வயசு தாண்டியிருந்தாலோ டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும். டாங்கா போறவங்களுக்கு தான்சானியா எல்லையிலயும் அந்த மஞ்சள் அட்டையைக் கேப்பாங்க.

ரெண்டாவது மலேரியா. டாக்சிசைக்ளின் எடுத்தா தினம் 100 மி.கி., ஊர் திரும்பி நாலு வாரம் வரைக்கும் விடக்கூடாது. அட்டோவாகோன்-புரோகுவானில்னா திரும்பி ஏழு நாள் போதும். எதுன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும், நடுவுல நிறுத்தறதுதான் ஆபத்து. டாக்சிசைக்ளின் வெறும் வயித்துல போட்டா புரட்டும், வெயில் சீக்கிரம் சுடும்.

மூணாவது துணி. சாவோ மேற்குல செட்சி ஈ உண்டு. கருநீலமும் கறுப்பும் அதை இழுக்கும், அங்க தொங்கற பொறித்துணியே அந்த நிறந்தான். மெல்லிய துணி வழியாவும் குத்தும். காக்கி, மண் நிறம் போடுங்க. பாலித்தீன் பை கென்யாவுல 2017 ஆகஸ்ட்லயே தடை, சரணாலயத்துக்குள்ள ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடற பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. வாசல்ல ரொக்கம் வாங்க மாட்டாங்க, கட்டணத்த முன்னாடியே இணையத்துல கட்டிடுங்க.

ம்சீமா:
ஒரே வரி எழுத வந்தேன். சாவோ மேற்கில் ம்சீமா ஊற்றில் நீருக்கடியில் இருக்கும் கண்ணாடி அறையை யாரும் சொல்லவில்லை. சியூலு மலையில் பெய்த மழை எரிமலைப் பாறைக்குள் இறங்கி, வடிகட்டி, பளிங்காக வெளியே வருகிறது. ஒரு குழாய் இங்கிருந்து மொம்பாசா வரை போகிறது. நீர்யானை நீந்தாது. அடிமண்ணில் கால் ஊன்றி, நிலாவில் நடப்பது போல் மெல்ல எம்பி எம்பி நடக்கும். பின்னாலேயே மீன்கள் அதன் தோலைச் சுரண்டிக்கொண்டு போகும். மதியம் போனால் நிழலில் ஒதுங்கிவிடும், காலை எட்டு மணிக்குள் போங்கள். காவலர் துப்பாக்கியோடு கூட வருவார், அவருக்கு முன்னால் நடக்காதீர்கள்.

ரயில் ஜன்னல்:
நைரோபியிலிருந்து மொம்பாசா போகும் புதிய ரயிலில் எந்தப் பக்கம் உட்காருவது என்று எங்கோ ஒருவர் கேட்டிருந்தார். காலை 8 மணி வண்டி, இடைநிலையங்களில் நிற்பது. வானம் தெளிவாக இருந்தால் முதல் பாதியில் வலப்பக்கம் கிளிமஞ்சாரோ. ம்டிட்டோ அண்டேய் நிலையம் தாண்டியதும் இடப்பக்கம் சாவோ கிழக்கு. நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள், பைகளை வரிசையில் வைத்து மோப்பநாய் பார்க்கும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாதை மேட்டின் மேல் போகிறது, யானைக்காகக் கீழே திறப்புகள் விட்டிருக்கிறார்கள். இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய யானைகள் அவற்றைப் பயன்படுத்துவது பதிவாகியிருக்கிறது. வண்டி வேகத்தில் திறப்பு ஒரு நொடிதான் தெரியும். அன்று அந்த ஒரு நொடியில் நிழலுக்குள் மூன்று சிவப்பு முதுகுகள், வண்டி மேலே போவதற்காகக் காத்து நின்றன.