மறு: காந்தக் கவ்வியா, உரசிணைப்பியா? – ஏசி கம்ப்ரசர் ‘எடுக்கலை’ என்பதற்குச் சொல்

> காந்த உரசிணைப்பி என்றே வைத்துக்கொள்ளலாம். கிளட்ச் என்றாலே உராய்வுதானே?

வணக்கம் ஐயா,

ஏசி கம்ப்ரசரின் முகப்பில், பெல்ட் சுற்றும் புல்லியைக் காந்தத்தால் கம்ப்ரசரின் தண்டோடு இணைக்கும் கிளட்சுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதானே இழையின் கேள்வி? உராய்வு என்பது சரிதான். ஆனால் பட்டறையில் ‘கிளட்ச் உரசுது’ என்று ஒருவர் சொன்னால் அது கோளாறு. பேரிங் தேய்ந்து புல்லி ஆடுகிறது, இல்லையென்றால் தண்டோடு சேர்ந்த தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்க வேண்டிய சந்து போதவில்லை என்று அர்த்தம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பாகத்துக்கு அதன் கோளாறையே பெயராக வைத்தால் அதைப் படிக்கும் ஐடிஐ மாணவர் குழம்பத்தான் செய்வார். ‘காந்தப் பற்றி’ என்று இன்னொரு நண்பர் சொன்னதைப் பற்றி (பாருங்கள், இதுதான் அதில் சிக்கல்) மேலே போக வேண்டாம்.

பெயரை விட்டுவிட்டு முதலில் வினையைப் பிடிப்போம். ‘கம்ப்ரசர் எடுக்கலை’ (வேலை செய்யத் தொடங்கவில்லை) என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன, நம் சொற்பட்டியல் அவற்றைப் பிரித்துக் காட்டாவிட்டால் அதை எழுதி என்ன பயன்?

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுவிட்டு கம்ப்ரசரின் முகப்பைப் பாருங்கள் (கையை பெல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல்). புல்லி எப்போதும் சுற்றும், அது பெல்ட்டின் வேலை. நடுவில் இருக்கும் தட்டு சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. சுற்றாமல் நின்றால் காயிலின் (தட்டை இழுக்கும் மின்காந்தச் சுருள்) கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வரவில்லை என்றால் கம்ப்ரசர் மேல் தப்பே இல்லை. உருகி போயிருக்கலாம், ரிலே போயிருக்கலாம், கேஸ் ஒழுகிப்போய் அழுத்த சுவிட்ச் தடுத்திருக்கலாம். ஆர்-134ஏ என்ற குளிர்விக்கும் கேஸ் நிரம்பிய வண்டி 30 டிகிரி வெயிலில் சும்மா நிற்கும்போதே கேஜ் 95, 100 பிஎஸ்ஐ காட்டும், அது 30-க்குக் கீழே கிடந்தால் சுவிட்ச் விடாது, விடவும் கூடாது, ஏனென்றால் கேஸோடு சுற்றிவர வேண்டிய எண்ணெயும் வராமல் கம்ப்ரசர் காய்ந்துவிடும். (இந்த நிலையில் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒயரால் சேர்த்து ‘ஓட வைத்துக் காட்டும்’ ஆட்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.) இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தானாகவே தடுக்கும். இதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘ஏவல் இல்லை’, அதாவது ஓடச் சொல்லும் கட்டளையே வரவில்லை.

12 வோல்ட் வந்தும் தட்டு அசையவில்லை என்றால் அது வேறு கதை. காயில் அறுந்திருக்கும், அல்லது சந்து அகன்றிருக்கும். பல கம்ப்ரசர்களில் இந்தச் சந்து அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்க வேண்டும், தட்டு தேயத் தேய அகலும். காலையில் நன்றாக எடுக்கும், மதிய டிராஃபிக்கில் ஒருமுறை கட் ஆனால் மறுபடி எடுக்காது, வண்டி ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல எடுக்கும். காரணம், சூட்டில் செம்புச் சுருளின் தடை ஏறுகிறது, மின்னோட்டம் குறைகிறது, காந்த இழுப்பு அந்த அகன்ற சந்தைத் தாண்டப் போதவில்லை. பல மாடல்களில் உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் (இடைவெளி வைக்கும் வளையத் தகடு) ஒன்றை எடுத்துவிட்டாலே தீர்ந்துபோகும் வேலை, இதற்குக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்லும் இடங்களும் உண்டு. இதற்கு ‘கவ்வவில்லை’ என்போம். அந்தச் சந்துக்குக் ‘காற்று இடைவெளி’ என்று நீட்டாமல் ‘கவ்விடை’ என்றே போடலாம். பிடித்தும் சறுக்கினால் ‘வழுக்குகிறது’, அதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம்.

மூன்றாவதை இழையில் யாரும் தொடவில்லை. இப்போது பல கார்களில் இந்தக் கிளட்சே கிடையாது. தண்டு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை ஒரு வால்வு வழியாக ஈசியூ கூட்டிக் குறைக்கும். அங்கே போய்க் ‘கிளட்ச் எடுக்குதா?’ என்று பார்ப்பது வீண். அங்கே கோளாறு என்றால் ‘சுற்றுகிறது, ஆனால் அமுக்கவில்லை’ என்றே எழுதலாம். எல்லாவற்றுக்கும் ‘சுழலவில்லை’ என்ற பொதுச்சொல் போதுமே என்று இழையில் கேட்ட அம்மாவுக்கும் இதுதான் என் பதில்.

> கவ்வி என்பது கிளிப்புக்கு ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் தனியே ‘கவ்வி’ என்று போடாமல் ‘காந்தக் கவ்வி’ என்று முழுதாகவே எழுதச் சொல்கிறேன். கால் மிதியால் இயங்கும் கிளட்சுக்கு உங்கள் உரசிணைப்பி இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே எனக்குச் சண்டை இல்லை. கம்ப்ரசரை ‘அமுக்கி’ ஆக்குவதா ‘அழுத்தி’ ஆக்குவதா என்பதை இங்கே கிளப்ப வேண்டாம், அது தனி இழை, முடியவும் முடியாது.

‘ஏவல்’ என்பது மட்டும் கொஞ்சம் பழைய வாடை அடிக்கிறதோ என்று எனக்கே இருக்கிறது. ‘ஆணை’ என்றால் அரசாணை மாதிரி ஆகிவிடுகிறது. பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர்கள் யாராவது வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்களேன்.