ஹெய் திகி பதக்கம்: பழையதா, போலியா?

கேள்வி:
நியூசிலாந்து மவோரிகளின் ஹெய் திகி (மனித உருவில் செதுக்கிய பச்சைக்கல் பதக்கம்) ஒன்று ஏலத்துக்கு வருகிறது. உயரம் 7 செ.மீ., எடை 42 கிராம், ஒரு கண்ணில் சிவப்பு அரக்கு. "18ஆம் நூற்றாண்டு" என்கிறார் விற்பவர். கையில் எடுத்துப் பார்க்கலாமாம். எதைக் கவனிக்கணும்?

பதில் 1:
முதலில் கயிறு கோர்க்கும் துளை. கல்முனைத் துரப்பணத்தால் இரண்டு பக்கமிருந்தும் குடைந்திருந்தால் உடுக்கை மாதிரி இருக்கும்: வாய் அகலம், நடு ஒடுக்கம். நேர்க்குழாயாக இருந்தால் உலோகத் துரப்பணம். கூம்பு முனை போட்டு அந்த வடிவத்தையும் இப்போது செய்துவிடுகிறார்கள், அதனால் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். கயிறு இழுப்பது துளையின் மேல்விளிம்பை. அங்கே வழவழப்பான பள்ளம் விழுந்திருக்கணும். தேய்ந்தே அறுந்துபோய், பக்கத்தில் புதுத் துளை போட்ட பழைய பதக்கங்களும் உண்டு.

பிறகு 10 மடங்கு லென்ஸில் கைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள பள்ளங்கள். மார்பில் உரசும் முதுகும் மேடுகளும்தான் மெருகேறும். பள்ளத்தில் மணற்கல் கீறல் மங்கலாகத் தங்கும். மூலைமுடுக்கெல்லாம் ஒரே பளபளப்பு என்றால் உருளையில் போட்டு மெருகேற்றியது. கோடு முடியவேண்டிய இடத்தைத் தாண்டி ஓடியிருந்தால் அது சுழல்சக்கரத்தின் வேலை.

பதில் 2:
கல்லையும் சோதியுங்கள். நூலில் கட்டி, பாத்திரத்தில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பாருங்கள். 42 கிராம் 27.9 ஆகக் குறைந்தால், குறைந்தது 14.1. ஒப்படர்த்தி 42 ÷ 14.1 = 2.98. ஹெய் திகிக்கு வழக்கமான பச்சைக்கல்லான நெஃப்ரைட் 2.9 முதல் 3.03 வரை. 2.6 பக்கம் வந்தால் செர்பென்டைன் என்ற வேறு பச்சைக்கல் வகை. உடனே தள்ளிவிடாதீர்கள், மவோரிகள் பயன்படுத்திய தங்கிவாய் கல்லும் அந்த வகைதான். குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். பழைய நார்க்கயிறு இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், நனைந்தால் கெடும். அரக்கில் ஸ்பிரிட் படவே கூடாது, கரைந்துவிடும்.

பதில் 3:
கல் அசல் என்பதால் பதக்கமும் அசல் ஆகிவிடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நியூசிலாந்தின் டனீடன் நகரப் பட்டறைகளிலும் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனிலும் நியூசிலாந்துக் கல்லிலேயே திகி வெட்டினார்கள். அதன் இரு பாதியும் அச்சுப்போல் ஒத்திருக்கும். இன்னொரு பக்கம், இரும்பு வந்தபின் மவோரிகளே கல் வாய்ச்சிகளைத் திகியாக மாற்றினார்கள். நேரான பக்கங்களும் ஒரு முனையில் சரிவும் தெரிந்தால் அந்தச் சந்தேகத்தோடு பாருங்கள். அது போலி இல்லை.

அரக்கு ஐரோப்பியரோடு வந்த பொருள். பாவா சிப்பி உதிர்ந்த கண்ணில் பிறகு வைத்ததாகவும் இருக்கலாம், ஆகவே அதை வைத்து வயது சொல்ல முடியாது. "18ஆம் நூற்றாண்டு" என்பதற்கு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற பழைய ஆவணம் கேளுங்கள். சரக்கு நியூசிலாந்திலிருந்து வருகிறதென்றால் ஏற்றுமதி அனுமதியும் கேளுங்கள்: 50 ஆண்டு தாண்டிய மவோரிப் பண்பாட்டுப் பொருள்களுக்கு அங்கே 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.