ஃபெயில்பேக் தாமதமா, தேறுகாலமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ரூட்டர் அமைப்புத் திரையின் தமிழாக்கத்தில் ஒரு வரி இன்னும் முடியாமல் நிற்கிறது. முதன்மை இணைய இணைப்பு அறுந்து துணை இணைப்புக்கு மாறிவிட்டோம். பிறகு முதன்மை உயிர் பெறுகிறது. உடனே அதற்குத் திரும்பிவிடாமல் ரூட்டர் சிறிது நேரம் பார்த்திருக்கிறதே, ஆங்கிலத்தில் 'ஃபெயில்பேக் டிலே' எனப்படும் அந்த இடைவெளிக்குத் தமிழில் என்ன பெயர்? நேற்றைய மடலில் 'மீள்திரும்பல் தாமதம்' என்று வந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

'மீள்', 'திரும்பல்' இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. அது சிறு குறை. பெரிய குறை 'தாமதம்'. ரயில் தாமதம், சம்பளம் தாமதம் என்று நேரத்துக்கு நடக்காததைத்தான் அப்படிச் சொல்கிறோம். அந்தச் சொல்லைக் காணும் பயனர், தாமதம் எதற்கு என்று சுழியத்தை இட்டுவிடுவார். போதாக்குறைக்கு, தரவு போய்ச் சேர எடுக்கும் நேரமான லேட்டன்சியையும் ஏற்கெனவே தாமதம் என்றே எழுதி வருகிறோம்.

சுழியம் இட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு மழைக்கால மாலையில் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் ஃபைபர் முதன்மை, 4ஜி துணை. தெருவில் இழைகளை ஒட்டிய பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. ஃபைபர் அரை நிமிடம் வரும், மறுபடி போகும். வந்தபோதெல்லாம் ரூட்டர் அதனிடம் ஓடியது. இரண்டு இணைப்புகளுக்கும் வெளி ஐபி முகவரி வேறு என்பதால், ஒவ்வொரு மாற்றத்திலும் திறந்திருந்த தொடர்புகள் அறுந்தன. கணக்காளர் வங்கித் தளத்தில் மூன்றாம் முறையாக ஓடிபியைத் தட்டிக்கொண்டிருந்தார். இணையவழித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர் "ஹலோ, ஹலோ" என்று வெற்றுக் கருவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் முழுவதும் 4ஜி ஒழுங்காகவே வேலை செய்தது! துணைக்குப் போவதற்குத்தான் வேறு வழியில்லை. திரும்புவதற்கு என்ன அவசரம்?

தொலைத்தொடர்புத் துறை இதை எப்போதோ உணர்ந்துவிட்டது. 2006-இல் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 4427, மாறுவதற்கு முன் பொறுக்கும் நேரத்தையும் திரும்புவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியே வரையறுக்கிறது. கருவிகளை வட்டமாக இணைக்கும் ஈதர்நெட் வளையங்களுக்கு, ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வகுத்த ஜி.8032 தரத்தில் இரண்டாவதன் இயல்பு மதிப்பு 5 நிமிடம். இதற்கிடையில் பழுது மீண்டும் தலைகாட்டினால் கடிகாரம் நின்றுவிடும். பழுது நீங்கிய பிறகு முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இந்த விதியில்தான் சொல் இருக்கிறது என்று நினைக்கிறேன். காய்ச்சல் விட்ட அன்றே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. "உடம்பு தேறட்டும்" என்கிறோம். இரவில் மறுபடி காய்ச்சல் அடித்தால், தேறிய கணக்கும் முதலிலிருந்து. தேர்வில் வெல்வதும் தேறுவதுதான். பழந்தமிழில் தேறுதல் என்றால் நம்புதல். நலம் பெறுதல், சோதனையில் வெல்லுதல், நம்பிக்கைக்கு உரியதாதல் என்று இந்த இடைவெளியில் நடக்கும் மூன்றையும் ஒரே வினை தாங்குகிறது. ஆகவே என் பரிந்துரை 'தேறுகாலம்'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. எவர் வாயிலும் எளிதாக வரும். 'தேறல்' வேண்டாம், அது கள்ளின் தெளிவைக் குறிக்கும் சொல்.

இதற்கு இணையாக, அறுந்ததும் மாறிவிடாமல் பொறுக்கும் சில நொடிகளுக்குப் 'பொறுகாலம்' பொருந்தும்.

'காத்திருப்பு நேரம்' போதாதா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். எதற்குக் காத்திருக்கிறோம் என்பதை அது சொல்லவில்லை, ஐயா. அழைப்பு மையத்திலும் காத்திருக்கிறோம்.

திரையில் இப்படி வரும்:

முதன்மை இணைப்பின் தேறுகாலம்: 300 நொடி
ஃபைபர் தேறிவருகிறது, இன்னும் 140 நொடி
தேறுகாலத்தில் மீண்டும் அறுந்தது, கணக்கு முதலிலிருந்து

மூன்றாவது வரியைத் 'தாமதம்' வைத்து யாராவது எழுதிக் காட்டுங்கள். எழுத முடிந்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.