அறுவைச் சிகிச்சை முடிந்த அன்றே வீடு திரும்புதல்: சேலத்திலும் ஏற்காட்டிலும் நமக்கு நேர்ந்தவை

அம்மாபேட்டை மகள்:

அப்பாவுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. காலையில் சேர்த்து மாலையில் அனுப்பிவிடும் 'டே கேர்' முறை. அது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிகிச்சையில் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பது வாசலில் நடந்தது. செயலியில் பதிவு செய்த கார், ஐந்து ரோடு சந்திப்பின் நெரிசலைக் கடந்து ஒருவழியாக வந்து நின்றது. சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்ததும் ஓட்டுநர், "ஆபரேஷன் கேஸா? வண்டியில் வாந்தி எடுத்தால் யார் கழுவுவது?" என்று கேட்டுவிட்டு, பயணத்தை ரத்து செய்துவிட்டுப் போய்விட்டார். சக்கர நாற்காலி அடுத்த நோயாளிக்கு வேண்டும் என்று ஊழியர் காத்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து, சாய்தளத்தின் கம்பியை ஒரு கையாலும் தளர்ந்த வேட்டியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் தனியே விட்டுவிட்டுச் சாலைக்குப் போய் ஆட்டோ பிடிக்க என்னால் முடியவில்லை. அனுப்புவதற்கு வேறு ஆளும் இல்லை. வாழ்நாளெல்லாம் தறி ஓட்டி எங்களை வளர்த்தவர், "பஸ்ஸிலேயே போய்விடலாம் கண்ணு, எனக்கு ஒன்றும் இல்லை" என்று என்னைத் தேற்றினார்.

காப்பீட்டு அட்டை, ஆதார், ரத்தப் பரிசோதனை முடிவு என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கியவர்கள், எதில் வீட்டுக்குப் போவீர்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை.

நாகலூர்க்காரர்:

உங்களுக்காவது சமதளம், எங்களுக்கு ஏற்காடு மலை. மனைவிக்குக் கருப்பையில் இருந்த சிறு சதை வளர்ச்சியை மயக்கம் கொடுத்து அகற்றினார்கள். காலையில் பேருந்தில் மலையிறங்கிச் சேலம் போனோம். திரும்புவதற்குத் தெரிந்தவரின் ஜீப்பைப் பேசி வைத்திருந்தேன். அடிவாரம் வரை தூங்கிக்கொண்டு வந்தவளுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் குமட்டல் வந்துவிட்டது. இருபது வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் அவளைத் தாங்கிப் பிடித்திருந்த அந்த நேரத்தில், இருக்கையில் இருந்த மருந்துப் பையை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு சுவர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மாத்திரை அட்டையை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து அது பள்ளத்தில் போட்டதை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவளை விட்டுவிட்டு நான் நகர முடியாது. ஜீப்காரர் விரட்டியும் பலனில்லை. நாகலூர் போய்ச் சேரும்போது இரவாகிவிட்டது. மருந்துக் கடைக்கு மறுபடி ஏற்காடு வரவேண்டும். பக்கத்து வீட்டு அம்மா வைத்திருந்த பாராசிட்டமால் ஒன்றுதான் அன்றிரவு அவளுக்குக் கிடைத்த வலி மருந்து.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற செவிலியர்:

நாகலூர் சகோதரர் மனைவியை அன்றே மலையேற்றியிருக்க வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்துக்குப் பிறகு வரும் குமட்டலும் மலைப்பாதையின் வளைவுகளில் வரும் குமட்டலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கன்னங்குறிச்சியிலோ அஸ்தம்பட்டியிலோ உறவினர் வீட்டில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலையில் ஏறியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது. தங்க முடியாதவர்கள், வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே "நாங்கள் மலைக்குப் போகிறோம்" என்று சொல்லிக் குமட்டலுக்கு மருந்து கேட்டு வாங்க வேண்டும். ஒண்டான்செட்ரான் எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கும் சாதாரண மருந்துதான். நோயாளியை முன் இருக்கையில் சற்றுச் சாய்த்து உட்கார வையுங்கள். வயிற்றில் தையல் இருந்தால் சீட் பெல்ட்டைப் போடாமல் விடாதீர்கள். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சிறு தலையணையை வைத்துப் போடுங்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்திருந்தால், கால் முழு வலுவுக்கு வந்து, சிறுநீரும் கழித்த பிறகே படியிறங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடன் ஆள் வேண்டும் என்று மருத்துவமனைகள் வற்புறுத்துவதைப் பலர் வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். மிடாசோலம் போன்ற அரைமயக்க மருந்து ஏறிய நோயாளி கண்ணைத் திறந்து, நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். சரி சிஸ்டர் என்றும் சொல்வார். வீட்டுக்குப் போன பிறகு அதில் ஒரு சொல்லும் அவர் நினைவில் இருக்காது. அதனால்தான் மாத்திரை வேளைகளை நோயாளியிடம் சொல்லாமல், உடன் வந்தவரிடம் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைப்போம். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, தனியாகவும் இருக்கக் கூடாது.

நான் பணியில் இருந்தபோது ஒருவர், "மகன் கீழே வண்டியோடு நிற்கிறான்" என்று சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். சன்னலுக்கு வந்து பார்த்தபோது, நிறுத்தத்தில் இருந்த ஸ்கூட்டரை அவரே உதைத்துக்கொண்டிருந்தார். கையில் நாங்கள் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது. கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு நான்கு ரோடு பக்கம் போய்விட்டார். பிறகு என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோரிமேடு டாக்ஸி:

அம்மாபேட்டைச் சகோதரியிடம் அந்த ஓட்டுநர் பேசியது தவறு. தொழிலில் இருக்கும் யாரும் அப்படிப் பேசக் கூடாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். செயலியில் வரும் வண்டிக்கு நோயாளியை ஏற்றப் போகிறோம் என்பது முன்கூட்டித் தெரியாது. காத்திருந்தால் அடுத்த சவாரி போய்விடும். தெரிந்த வண்டியை முதல் நாளே பேசி, "ஆபரேஷன் முடிந்த ஆள், எந்நேரமாகும் என்று சொல்ல முடியாது" என்று விவரம் சொல்லி, காத்திருப்புக் கட்டணத்தையும் தனியாகப் பேசிவிடுவதுதான் நல்லது. அப்படிப் பேசிய சவாரிக்கு நான் பழைய துண்டும் நெகிழிப் பையும் நானே கொண்டுபோகிறேன்.

செவிலியர் அம்மா சொல்வதில் ஒரு பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. சேலத்தில் தங்குவதற்கு எல்லோருக்கும் உறவினர் இருப்பதில்லை. அறை வாடகை, இருவர் சாப்பாடு என்று சேர்த்துப் பார்த்தால் சிலருக்கு மருந்துச் செலவைவிட அதிகமாகிவிடும்.

என்னை இன்னும் உறுத்துவது வேறு. ஒரு முதியவரைத் தனியாக இறக்கிவிட்டு, மாலையில் அழைத்துவரப் போனேன். நான் வண்டிக்காரன் என்று சொல்லியும் கேட்காமல், கவுன்ட்டரில் ஒரு படிவத்தை நீட்டி, உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டால்தான் விடுவார்களாம். ஐயா உள்ளேயிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் என்ன செய்ய முடியும்? நான் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை வாங்கிப் பேசி, அவர் வந்து சேரும் வரை காத்திருந்து, இருவரையும் அழைத்துப் போனேன். அந்தக் காத்திருப்புக்கு நான் காசு வாங்கவில்லை. ஆனால் அந்தப் படிவத்தில் எத்தனை ஓட்டுநர்கள் தம்பியாகவும் மருமகனாகவும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் பதறுகிறது.

சூரமங்கலம்:

இவ்வளவு சிரமத்துக்கு 108ஐ அழைத்திருக்கலாமே? இலவசம்தானே.

வாழப்பாடி மருமகள்:

108 அவசர ஊர்தி. விபத்து, மாரடைப்பு, பிரசவ வலி என்று உயிருக்கு ஆபத்தான நேரத்துக்காக 2008 முதல் ஓடுகிறது. வீட்டில் கொண்டுபோய் விட அதை அழைத்தால், அந்த நேரத்தில் வேறொருவருக்கு வண்டி இல்லாமல் போகும். பிரசவம் முடிந்த தாயையும் குழந்தையையும் அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டில் கொண்டுவிட 102 இருக்கிறது. அது மற்ற அறுவைச் சிகிச்சைகளுக்குக் கிடையாது.

எங்கள் வீட்டு அனுபவம் நல்ல அனுபவம் என்பதால் எழுதத் தயங்கினேன். மாமியாருக்கு இலவசக் கண் முகாமில் கண்புரை என்று கண்டறிந்து, வேனிலேயே அழைத்துப் போய், ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் அதே வேனில் கொண்டுவந்து விட்டார்கள். வேனில் வந்த பணியாளர் ஒரு நோட்டில் எல்லோர் பெயரையும் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குபவரின் கையைப் பிடித்து இறக்கி, வீட்டு ஆள் வந்து பொறுப்பேற்ற பிறகே பெயரை அடித்தார். ஒரு கண்ணை மூடியிருந்தால் படியின் ஆழம் தெரியாது. அதை அவர் அறிந்திருந்தார். எங்கள் தெருமுனையில் என்னைக் காணாமல் வேனை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். நான் ஓடி வந்ததும், "நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை விட்டார். ஒரு ரூபாய் வாங்காத இடத்தில் கிடைத்த இந்த அக்கறை, பணம் கட்டிய இடத்தில் அம்மாபேட்டைச் சகோதரியின் தந்தைக்குக் கிடைக்கவில்லை என்பதைப் படித்தபோது எனக்குக் கோபமாக இருந்தது.

வெள்ளக்கடை பேரன்:

குமட்டலைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் இதை எழுதியே ஆக வேண்டும். தாத்தாவுக்கு விழித்திரை விலகல். அறுவைச் சிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பி அன்று மாலையே அனுப்பினார்கள். முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்கச் சொல்லியிருந்ததால், முன் இருக்கையின் முதுகில் தலையணையைக் கட்டி, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வந்தார். மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் திரும்பும்போது, பொழுதுபோகாமல் டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விமானப் பயணம் கூடாது என்று அச்சிட்டிருந்தது. ஏன் கூடாது? உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் என்றால், மலையும் உயரம்தானே என்று தோன்றியது. வண்டியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் பேசினேன். இணைப்பில் வந்த மருத்துவர் நாங்கள் இருக்கும் இடத்தைக் கேட்டதும், "ஒரு மீட்டர்கூட மேலே போகாதீர்கள், திருப்புங்கள்" என்றார். வண்டி திரும்பும்போது தாத்தா தலையைத் தூக்காமலேயே, "ஏன்டா, வீடு வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த ஏற்றத்தில் வெளியழுத்தம் குறைந்து, கண்ணுக்குள் அடைபட்ட வாயு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். அதற்கு இடம் இல்லாததால் கண்ணின் அழுத்தம் எகிறும். பார்வை நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபட்டு, காப்பாற்றிய பார்வையே போய்விடலாம். மாற்றுப் பாதையில், குப்பனூர் வழியாகப் போனாலும் சேரும் உயரம் அதேதான். கண்ணில் நிரப்பியது எஸ்எஃப்6 என்ற வாயு என்றால் அது கரைய இரண்டு மூன்று வாரம் ஆகும். சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம்வரை ஆகலாம். வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கோன் எண்ணெய் வைத்தால் இந்த விரிவு இல்லை. ஆகவே மலையில் இருப்பவர்கள் தேதி குறிக்கும்போதே, எதை நிரப்பப் போகிறீர்கள், வாயு என்றால் நான் எப்போது ஊருக்கு ஏறலாம் என்று கேட்க வேண்டும். வாயு கரையும் வரை வேறு எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். மயக்கத்துக்காக நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தாலும் கண்ணில் இருக்கும் வாயு விரியும்.

தாத்தா கொண்டலாம்பட்டியில் அத்தை வீட்டில் தங்கினார். பார்வை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த டிஸ்சார்ஜ் தாளின் மேல் வரியில், அவர் பெயருக்குக் கீழேயே, 'வெள்ளக்கடை, ஏற்காடு வட்டம்' என்று தெளிவாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். அதைத் தட்டச்சு செய்தவர், கையெழுத்திட்டவர், எங்களிடம் கொடுத்தவர் என்று எத்தனை கண்கள் அந்த வரியைக் கடந்து போயின!

நாகலூர்க்காரர்:

செவிலியர் அம்மாவுக்கு: வீட்டில் இரண்டு பிள்ளைகள், காபிப் பழம் பறிக்கும் பருவம், சேலத்தில் எங்களுக்கு உறவென்று யாரும் இல்லை. "நீங்கள் போகலாம்" என்று மருத்துவமனையே சொன்ன பிறகு, தங்கியிருக்க வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? மறுபடி ஒரு சிறு சிகிச்சை இருக்கலாம் என்கிறார்கள். அதற்கு என்ன கேட்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற செவிலியர்:

நீங்கள் சொல்வது நியாயம். அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது வார்டுதான். அடுத்த முறை தேதி கொடுக்கும்போதே, அன்றைய பட்டியலில் முதல் ஆளாகப் போடச் சொல்லுங்கள். மலையிலிருந்து வருகிறோம் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எட்டு மணிக்கு முடிந்தால் பிற்பகல் வரை வார்டிலேயே படுத்திருக்கலாம். குமட்டல் தணிந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடலாம். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதால், முந்தைய இரவுச் சாப்பாட்டோடு சரி. தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று தனியாகக் கேளுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை பலருக்கு அனுமதி உண்டு. அதிகாலையில் பேருந்தை நம்பாமல், திரும்பப் பேசும் ஜீப்பையே இறங்கவும் பேசிவிடுங்கள். மாத்திரைகளை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து, பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.